துத்தநாக–நிக்கல் பூச்சில் 13% நிக்கல் இருந்தாலே அது காமா கட்டமா? (எக்ஸ்ஆர்டி, வரிசைப்பாடு)

#1 தொட்டிக்காரன்

கார வகை துத்தநாக–நிக்கல் பாத் (பூச்சுக் கரைசல்). காஸ்டிக் சோடா லிட்டருக்கு 120 கிராம், துத்தநாகம் 10, நிக்கல் 1.5. வெப்பநிலை 25 டிகிரி, மின்னடர்த்தி சதுர டெசிமீட்டருக்கு 2 ஆம்பியர். அரை மணி நேரத்தில் மென் எஃகின் மேல் 8 மைக்ரான் ஏறுகிறது. எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ்-கதிர் ஒளிர்வை வைத்துக் கலவையை அளக்கும் கருவி) காட்டும் நிக்கல் 13 எடை சதவீதம்.

எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-கதிர் சிதறலில் படிக அமைப்பைப் பார்ப்பது) செம்பு கே-ஆல்பா கதிரில், வழக்கமான தீட்டா–2தீட்டா ஸ்கேன், 30 முதல் 80 டிகிரி வரை. 43.0-ல் உயரமான பீக், 62.4-ல் சின்னதாக ஒன்று. 44.7, 65.0 இரண்டும் அடியில் இருக்கும் எஃகுடையவை. ஆய்வகம் "காமா, ஒற்றைக் கட்டம்" என்று, அதாவது பூச்சு முழுவதும் துத்தநாக–நிக்கல் சேர்மமான காமா என்ற ஒரே படிக அமைப்புதான் என்று, எழுதிக் கொடுத்துவிட்டது. வாங்குபவர் தரப்பு "எதை வைத்து?" என்று கேட்கிறது.

மூன்று சந்தேகங்கள். இந்த இரண்டு பீக்கை வைத்து காமா என்று சொல்லலாமா? சமநிலைப் படத்தில் (எந்தக் கலவைக்கு எந்தக் கட்டம் நிலையானது என்று காட்டும் படம்) இந்தக் கலவைக்கு என்ன கட்டம் வரவேண்டும்? ஹைட்ரஜனை வெளியேற்ற 200 டிகிரியில் பேக்கிங் செய்தால் கட்டமோ வரிசையோ (எந்த அணு எந்த இடத்தில் என்ற ஒழுங்கு) மாறுமா?

#2 படிகவலை

உங்கள் ஆய்வகம் சொன்னது சரியாக இருக்கலாம், ஆனால் அவர்கள் கையில் இருக்கும் தரவு அதை நிரூபிக்கவில்லை.

முதல் சிக்கல் பீக் மோதல். சுத்தமான துத்தநாகத்தின் (ஈட்டா கட்டம்) 101 பீக் (எண் படிகத் தளத்தின் அடையாளம்) 43.2-ல் வரும். காமாவின் 330/411 பீக் 43.0-ல். பூச்சுகளில் படிகத்துகள் நுண்ணியது, பீக் அரை டிகிரி அகலத்துக்குப் பரவும். 0.2 டிகிரி வித்தியாசம் அதில் கரைந்துவிடும். ஈட்டா இல்லை என்று சொல்ல 36.3 (002), 39.0 (100) இரண்டு இடத்திலும் பார்க்க வேண்டும். அங்கேயும் ஒரு பொறி உண்டு: துத்தநாகப் பூச்சு ஒரே திசையில் சாய்ந்து வளர்ந்தால் 002 அப்படியே காணாமல் போகலாம். ஒன்று இல்லை என்பதால் கட்டமே இல்லை என்று ஆகாது, இரண்டும் இல்லாமல் இருக்க வேண்டும்.

இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரியது, யாரும் கவனிப்பதில்லை. காமாவின் அலகுக் கூட்டில் 52 அணுக்கள். விளிம்பு நீளம் 8.92 ஆங்ஸ்ட்ராம். அந்தக் கூடு எப்படி வந்தது என்று பாருங்கள். உள்மையக் கனசதுரக் கூட்டை மூன்று திசையிலும் மும்மூன்றாக அடுக்கினால் 27 கூடு, 54 அணு. அதில் மூலையில் ஒன்று, மையத்தில் ஒன்று எடுத்துவிட்டு மற்றவை கொஞ்சம் நகர்ந்தால் காமா. இதன் விளைவு: 43.0, 62.4, 78.8 மூன்றும் அந்தச் சின்ன அடிப்படைக் கூட்டின் 110, 200, 211 பீக்குகளே. 8.92-ஐ மூன்றால் வகுத்தால் 2.97 ஆங்ஸ்ட்ராம், அந்த அளவில் ஓர் ஒழுங்கற்ற உள்மையக் கனசதுரக் கரைசல் இருந்தாலும் இதே மூன்று பீக்தான் வரும்.

அந்த 52 அணு அமைப்பு உண்மையில் இருக்கிறதா என்று சொல்பவை மெலிந்த பீக்குகள்: 34.8 (222), 37.7 (321), 47.8 (332). உங்கள் ஸ்கேனில் அவை இரைச்சலில் புதைந்திருக்கும். 33-லிருந்து 50 வரை மட்டும், படிக்கு 0.02 டிகிரி, படிக்கு 10–15 விநாடி வைத்து மறுபடி எடுங்கள். இரவு ஓட விட்டால் காலையில் கிடைக்கும்.

#3 எதிர்முனை

இவ்வளவு தேவையா? கார பாத்தில் 12–15% நிக்கல் வந்தால் காமாதான். தொழிலில் எல்லோரும் அப்படித்தான் ஏற்றுக்கொள்கிறார்கள். விவரக்குறிப்பும் சதவீதத்தைத்தான் கேட்கிறது. எக்ஸ்ஆர்எஃப் போதும்.

#4 நுண்ணளவி

எதிர்முனை சார், தினசரிக் கட்டுப்பாட்டுக்கு எக்ஸ்ஆர்எஃப் போதும், ஒப்புக்கொள்கிறேன். கட்டச் சான்றாக அதை நீட்ட முடியாது.

எக்ஸ்ஆர்எஃப் தருவது பூச்சின் முழுத் தடிமனுக்கும் சேர்த்த சராசரி. அடியில் நிக்கல் மிகுந்த மெல்லிய தொடக்க அடுக்கு வருவது இந்த பாத்களில் சகஜம். அடியில் 17, மேலே 11 இருந்தாலும் கருவி 13 என்றுதான் காட்டும். மேலே இருக்கும் அந்த 11-ல் ஈட்டா கலந்திருந்தால் உப்புத்தெளிப்புச் சோதனையில் வெள்ளைத் துரு சீக்கிரம் வரும், சதவீதத்தைப் பார்த்து யாருக்கும் காரணம் புரியாது.

அளவுத்திருத்தமும் கவனிக்க வேண்டியது. துத்தநாகத்தின் கே-ஆல்பா 8.64 கிலோ எலக்ட்ரான்வோல்ட். நிக்கலின் கே-விளிம்பு (அதை ஒளிரவைக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) 8.33. ஆக, துத்தநாகத்திலிருந்து வரும் கதிரே பக்கத்து நிக்கலைத் தூண்டி நிக்கல் சமிக்ஞையை ஊதிவிடும். தனித்தனி உலோகத் தகடுகளை வைத்துத் திருத்தம் செய்தால் நிக்கல் கூடுதலாகக் காட்டும். துத்தநாக–நிக்கல் கலவைத் தரத்தகடே வேண்டும், அதுவும் உங்கள் தடிமனை ஒட்டி. சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை, எஃகைக் காக்கும் தடுப்பான் சேர்த்த 1:1 ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, அணு உறிஞ்சல் முறையிலோ ஐசிபியிலோ (பிளாஸ்மா நிறமாலை முறை) பாருங்கள். இரும்பையும் சேர்த்து அளந்தால் எவ்வளவு அடிஎஃகு கரைந்தது என்று தெரிந்துவிடும்.

எக்ஸ்ஆர்டி எவ்வளவு ஆழம் பார்க்கிறது என்பதையும் கணக்குப் போடுங்கள். செம்பு கதிருக்கு இந்தக் கலவையில் உறிஞ்சல் நீளம் சுமார் 24 மைக்ரான். 2தீட்டா 43-ல் உள்ளே போய்த் திரும்பும் பாதை தடிமனைப்போல் சுமார் 5.5 மடங்கு. 8 மைக்ரான் பூச்சு என்றால் அடிஎஃகின் சமிக்ஞையில் 15 சதவீதம் போலத் தப்பி வரும். உங்கள் 44.7 பீக் அதுதான். அதாவது ஸ்கேனும் முழுத் தடிமனின் கலவையைத்தான் பார்க்கிறது. மேலடுக்கை மட்டும் பார்க்க, படுகோணத்தை (கதிர் மேற்பரப்பில் விழும் சாய்வை) 2 டிகிரியில் நிறுத்தி எடுத்தால் மேல் முக்கால் மைக்ரான்தான் அதிகம் பேசும். 2 டிகிரியிலும் 10 டிகிரியிலும் இரண்டு ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டால் அடுக்கு வேறுபாடு தெரியும்.

செம்பு கதிர் அடிஇரும்பை ஒளிரச் செய்து பின்னணியை ஏற்றும். கோபால்ட் குழாய் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. 43.0 பீக் அப்போது 50.4-க்குப் போகும், துத்தநாகத்துடனான மோதல் மட்டும் அப்படியே இருக்கும்.

#5 மின்முனையம்

எக்ஸ்ஆர்டி கருவி கிடைக்காதவர்களுக்கு இன்னொரு வழி: நேர்முனைக் கரைப்பு வரைகோடு. 5% உப்புக் கரைசல், விநாடிக்கு 1 மில்லிவோல்ட் வேகம். ஈட்டா இருந்தால் நிறை கலோமெல் மின்முனைக்கு எதிராக −1.0 வோல்ட்டை ஒட்டி முதலில் கரையும். காமா அதற்குப் பிறகு, −0.8-ஐ ஒட்டியும் மேலேயும். முதல் மேடு இல்லாமல் நேராக இரண்டாவது வந்தால் நல்ல அறிகுறி.

செய்பவர்கள் இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். எஃகின் மேல் பூசிய துண்டையே வைத்தால் −0.6 வாக்கில் எஃகும் கரையத் தொடங்கி வரைகோட்டைக் குழப்பும். இந்தச் சோதனைக்கு மட்டும் பிளாட்டினத் தகட்டில் 2–3 மைக்ரான் பூசிக்கொள்ளுங்கள். அப்புறம், கடைசியில் நேர்ப்பக்கமாக வரும் மேட்டைப் பார்த்து "நிக்கல் மிகுந்த ஆல்பா கட்டம் இருக்கிறது" என்று எழுதிவிடுவார்கள். காமாவிலிருந்து துத்தநாகம் மட்டும் கரைந்து போனபின் மிஞ்சும் துளைநிறைந்த நிக்கல் அது. பூச்சில் அப்படி ஒரு கட்டம் இருந்ததே இல்லை.

#6 படிகவலை

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 13 எடை சதவீதம் என்பது அணுக் கணக்கில் 14.3. காமாவுக்கு எழுதப்படும் வாய்பாடு 5 நிக்கலுக்கு 21 துத்தநாகம், அது 19.2 அணு சதவீதம், எடையில் 17.6. ஆக, நீங்கள் வாய்பாட்டிலிருந்து நன்றாகவே விலகி, துத்தநாகம் மிகுந்த ஓரத்தில் நிற்கிறீர்கள். சமநிலைப் படத்தில் அந்தப் பக்கம் அடுத்து வருவது 3 நிக்கலுக்கு 22 துத்தநாகம் கொண்ட டெல்டா, 12 அணு சதவீதம். உருக்கி, நிதானமாகக் குளிர்வித்த கட்டியில் டெல்டா வரவேண்டிய இடத்தில், மின்பூச்சில் காமாவே துத்தநாகத்தைக் கூடுதலாக விழுங்கிக்கொண்டு நிற்கும். படத்தைப் பூச்சின் மேல் அப்படியே ஒட்டக்கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஏன் காமா இவ்வளவு பிடிவாதம்? ஹியூம்-ரோதரி கணக்குப்படி (எலக்ட்ரான்–அணு விகிதத்தை வைத்துக் கட்டத்தைச் சொல்லும் விதி) காமா வகைக்கு ஓர் அணுவுக்கு 21/13 எலக்ட்ரான். நிக்கலுக்குப் பூஜ்யம், துத்தநாகத்துக்கு 2 வைத்தால் 26 அணுவுக்கு 42, சரியாக 21/13.

இதைவிட வெளிப்படையான உதாரணம் வெள்ளீய–நிக்கல் பூச்சு. ஸ்டானஸ் குளோரைடு 50, நிக்கல் குளோரைடு 300, அமோனியம் பைஃபுளோரைடு 55 கிராம்/லிட்டர், 65 டிகிரி, பிஎச் 2–2.5. பாத் அங்கே இங்கே ஆடினாலும் பூச்சு 65 எடை சதவீத வெள்ளீயத்தை ஒட்டியே வரும், ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று. நிக்கல் ஆர்சனைடு வகை அமைப்பு. இந்தக் கட்டம் சமநிலைப் படத்திலேயே கிடையாது! 300 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் படத்தில் இருக்கும் இரண்டு சேர்மங்களாக உடைந்துவிடும். உருக்கிச் செய்ய முடியாத ஒன்றை பாத் தானாகச் செய்து தருகிறது.

#7 தொட்டிக்காரன்

அருமை. ஒன்று இடிக்கிறது. 52 அணுக் கூடு அறை வெப்பநிலையில் தானாக அமைகிறது என்கிறீர்கள். இரும்பு–பிளாட்டினம் பூச்சில் வெறும் 4 அணுக் கூடு. அதை வரிசைப்படுத்த 600 டிகிரி வேண்டும் என்று படித்தேன். சிக்கலானது எளிதாகவும் எளியது கடினமாகவும் இருப்பது எப்படி?

#8 எதிர்முனை

உருகுநிலைதான் காரணம். துத்தநாகம் உருகுவது 693 கெல்வினில். அறை வெப்பநிலை அதில் 0.43 பங்கு. இரும்பு–பிளாட்டினம் உருக 1800 கெல்வினுக்கு மேல் வேண்டும். அறை வெப்பநிலை 0.16 பங்கு. முன்னதில் அணு நகரும், பின்னதில் நகராது.

#9 படிகவலை

பாதி சரி. காமா கட்டம் உருகுவது துத்தநாகத்தின் உருகுநிலையில் இல்லை, 880 டிகிரி செல்சியஸ் வாக்கில். அந்தக் கணக்கில் பங்கு 0.26 ஆகிவிடுகிறது. உள்ளே புதைந்த அணு அந்த வெப்பநிலையில் இடம் மாறாது. ஆகவே வரிசை அமைவது உள்ளே அல்ல, வளரும் மேற்பரப்பில். புதிதாக வந்து விழுந்த துத்தநாக அணு மேற்பரப்பில் நிறைய தூரம் நடக்கும், தனக்கான இடம் கிடைத்ததும் உட்காரும், மேலே அடுத்த அடுக்கு மூடியதும் அப்படியே உறைந்துவிடும். பிளாட்டின அணு விழுந்த இடத்தை விட்டு அதிகம் நகராது. அதனால் இரும்பு–பிளாட்டினம் ஒழுங்கற்ற முகமையக் கனசதுரமாகவே வருகிறது. வரிசை பின்னால், சூட்டில், காலியான அணு இடங்கள் வழியாக அணுக்கள் இடம் மாறி வரவேண்டும்.

இதிலிருந்து உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் ஒன்று: மேற்பரப்பில் நடக்கும் வேலை என்பதால் மின்னடர்த்தியும் சேர்மப்பொருள்களும் கட்டத்தை மாற்றும். மின்னடர்த்தியைக் கூட்டினால் அணுவுக்கு நடக்க நேரம் குறைவு. பிரைட்னர் (பளபளப்பூட்டி) மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டால் நடை தடைபடும். அதே 13 சதவீதத்தில்கூட மெலிந்த பீக்குகள் மங்கும்.

#10 மீக்கூடு

வரிசைப்பாட்டை அளப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாக. இங்கேதான் அறிக்கைகளில் பிழை அதிகம்.

செம்பு–தங்கத்தில் 1914-லேயே குர்னகோவ் குழு இதன் தடயத்தைப் பிடித்தது. 1925-ல் யோஹான்சனும் லிண்டேயும் எக்ஸ்-கதிரில் கூடுதல் பீக்குகளைக் காட்டினார்கள். மூன்று செம்புக்கு ஒரு தங்கம் என்ற கலவையில் மாற்றம் 390 டிகிரி வாக்கில். அதற்கு மேலிருந்து தண்ணீரில் போட்டால் எந்த இடத்திலும் எந்த அணுவும். மெதுவாக இறக்கினால் மூலைகளில் தங்கம், முகங்களில் செம்பு. அப்போது 23.7-லும் 33.8-லும் புதிய பீக் வரும் (100, 110). 41.7-ம் 48.6-ம் இரண்டு நிலையிலும் உண்டு. மின்தடை பாதிக்கும் கீழே இறங்கும். கம்பியாகவோ தகடாகவோ இருந்தால் இதுவே சுலபமான சோதனை.

வரிசை அளவுரு எஸ்: முழு ஒழுங்குக்கு 1, ஒழுங்கின்மைக்கு 0. மீக்கூட்டுப் பீக்கின் (வரிசைப்பட்டால் மட்டும் வரும் கூடுதல் பீக்கின்) செறிவு எஸ்-இன் வர்க்கத்துக்கு விகிதம். பீக் பாதியாகிவிட்டது என்றால் எஸ் 0.7, பாதி இல்லை.

எங்கே தவறுகிறது?

இரும்பு–பிளாட்டினத்தில் 24.0 (001), 32.9 (110) பீக்குகள் வந்தால் வரிசை உண்டு. கூடவே 200 பீக் 47.2, 49.1 என்று இரண்டாகப் பிரியவேண்டும், ஏனென்றால் கூடு ஒரு திசையில் குறுகி 3.85-க்கு 3.71 ஆகிறது. 111 திசையில் சாய்ந்து வளர்ந்த பூச்சில் முழு வரிசை இருந்தாலும் சாதாரண ஸ்கேனில் 001 தெரியவே தெரியாது. "வரிசை இல்லை" என்று முடிவுகட்டுமுன் மாதிரியைச் சாய்த்து எடுங்கள், அல்லது காந்த வளைகோட்டைப் பாருங்கள். வரிசைப்பட்டால் காந்த எதிர்ப்புவிசை (காந்தத்தன்மையை நீக்கத் தேவையான புலம்) பல மடங்கு ஏறும்.

001-க்கும் 002-க்கும் உள்ள உயர விகிதத்தை அப்படியே எஸ் என்று எழுதக்கூடாது. பரப்பை எடுங்கள், உயரத்தை அல்ல. கோணத் திருத்தம், மெல்லிய அடுக்கின் உறிஞ்சல் திருத்தம் இரண்டும் செய்யுங்கள். கலவை சரிபாதி இல்லையென்றால் எஸ் 1 ஆகவே ஆகாது: 45 அணு சதவீத இரும்பு என்றால் உச்சம் 0.9.

இன்னொன்று, அணு எண் நெருங்கிய ஜோடிகள். செம்பும் துத்தநாகமும் 29, 30. இரும்பும் நிக்கலும் 26, 28. பீட்டா பித்தளையிலும் மூன்று நிக்கலுக்கு ஓர் இரும்பு கலவையிலும் வரிசை இருந்தாலும் சாதாரண எக்ஸ்-கதிருக்கு இரண்டு அணுவும் ஒன்றுபோலத்தான். பீக் இல்லை என்பதற்கு அங்கே பொருளே இல்லை; நியூட்ரான் சிதறல் வேண்டும். நிக்கல்–இரும்புப் பூச்சில் "மீக்கூட்டுப் பீக் வரவில்லை, ஆகவே ஒழுங்கற்றது" என்று எழுதியிருந்தால் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

#11 உலைவாய்

இரும்பு–பிளாட்டினப் பூச்சைச் சூடாக்குபவர்களுக்கு நடைமுறை. 600 டிகிரி, 30 முதல் 60 நிமிடம், ஆர்கானில் 5% ஹைட்ரஜன். வெறும் ஆர்கான் போதாது. பூசும்போது கேதோடு அருகில் பிஎச் ஏறி இரும்பு ஹைட்ராக்சைடு பூச்சுக்குள் சிக்கிக்கொள்ளும். சூடாக்கும்போது அது ஆக்சைடாக நின்று, உலோகமாக மிஞ்சும் இரும்பைக் குறைத்துவிடும். மொத்தக் கலவை 50–50 என்று காட்டும், பிளாட்டினத்தோடு சேர்ந்த இரும்பு 40 ஆக இருக்கும். ஹைட்ரஜன் அந்த ஆக்ஸிஜனை இழுத்துவிடும். அடியில் செம்பு இருந்தால் 600-ல் மேலே ஏறிக் கலந்துவிடும். தடுப்பு அடுக்கு இல்லாமல் செய்யாதீர்கள்.

#12 எதிர்முனை

வேதிமுறை (மின்சாரமில்லாமல் பூசும்) நிக்கல்–பாஸ்பரஸும் இதே கதைதானே? 400 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் "வரிசைப்பட்டு" கடினமாகிறது.

#13 மீக்கூடு

இல்லை, வேறு நிகழ்வு. இரும்பு–பிளாட்டினம் பூசியபோதே படிகம். யார் எங்கே உட்கார்வது என்பதுதான் தீரவில்லை. 10.5 சதவீதத்துக்கு மேல் பாஸ்பரஸ் உள்ள நிக்கல் பூச்சில் படிகமே இல்லை. எக்ஸ்ஆர்டியில் 2தீட்டா 45-ல் ஒரு அகலமான மேடு மட்டும். சூடாக்கினால் 330–350 டிகிரி செல்சியஸ் வாக்கில் அது நிக்கலாகவும் மூன்று நிக்கலுக்கு ஒரு பாஸ்பரஸ் என்ற சேர்மமாகவும் பிரிகிறது. 41.8, 42.8, 43.6, 46.6 பீக்குகள் சேர்மத்துடையவை, 44.5, 51.8 நிக்கலுடையவை. விக்கர்ஸ் கடினம் 500–600-லிருந்து 900–1000-க்கு ஏறும். விலை: பூச்சு சுருங்கி நுண்விரிசல் விழும், அரிமானத் தடுப்பு போய்விடும். இரண்டையும் ஒன்றாகக் கேட்பவருக்கு "முடியாது" என்று முன்பே சொல்லிவிடுவது நல்லது.

அந்த மேட்டுக்கு ஷெரர் சூத்திரம் (பீக் அகலத்திலிருந்து படிகத்துகள் அளவைக் கணக்கிடுவது) போட்டு "1.4 நானோமீட்டர் படிகத்துகள்" என்று எழுதுகிறார்கள். 6 டிகிரி அகலத்தைப் போட்டால் அந்த எண் வரத்தான் செய்யும். நாலைந்து அணு அகலத்துக்குப் படிகம் என்று பெயர் வைப்பதில் அர்த்தமில்லை.

செலவில்லாத சோதனை: அலுமினியத்திலோ செம்பிலோ பூசிய துண்டில் காந்தத்தை வையுங்கள். அதிக பாஸ்பரஸ் பூச்சு பூசியபடியே இருந்தால் ஒட்டாது. பிரிந்துவிட்டால் தனி நிக்கல் வந்துவிடும், இழுக்கும்.

#14 நுண்ணளவி

தொட்டிக்காரன் அண்ணா, உங்கள் மூன்றாவது கேள்வி பாக்கி. 190–220 டிகிரி, எஃகின் வலிமையைப் பொறுத்து 8 முதல் 24 மணி நேரம்; பூசி 4 மணி நேரத்துக்குள் உலைக்குள் போகவேண்டும். ஒற்றைக் காமாவாக இருந்தால் அந்த வெப்பத்தில் அது நிலையானது. பீக்குகள் கொஞ்சம் கூர்மையாகும், தகைவு தளரும், அவ்வளவுதான். ஈட்டா கலந்திருந்தால் நிக்கல் பரவி இரண்டும் சமனாகப் பார்க்கும். அதனால் பேக்கிங்குக்கு முன், பின் இரண்டு ஸ்கேனும் வேண்டும். பின்னால் எடுத்ததை மட்டும் காட்டினால் பாத்தில் இருக்கும் கோளாறு மறைந்துவிடும்.

பேசிவேஷன் (பூச்சின் மேல் பாதுகாப்புப் படலம் ஏற்றுவது) பேக்கிங்குக்குப் பிறகு. உலையிலிருந்து வந்த மேற்பரப்பில் ஆக்சைடு இருக்கும், நீர்த்த அமிலத்தில் சில விநாடி முக்கி எழுப்பிவிட்டுத்தான் போகவேண்டும். இல்லையென்றால் திட்டுத்திட்டாக நிறம் பிடிக்கும்.

#15 தொட்டிக்காரன்

மெதுவான ஸ்கேன் வந்துவிட்டது. தகட்டின் நடுவில் வெட்டிய துண்டு: 34.8, 47.8 இரண்டும் தெளிவு, 37.7 பின்னணிக்குச் சற்று மேலே. 36.3, 39.0 இரண்டிலும் ஒன்றுமில்லை. ஓரத்தில் வெட்டிய துண்டில் 36.3-ல் ஒரு சின்ன பீக் எழுகிறது. எக்ஸ்ஆர்எஃப்பும் ஓரத்தில் 10.4 என்கிறது. பேக்கிங் செய்யாத துண்டுகள்தான்.

#16 மின்முனையம்

அப்படியென்றால் நடுவில் காமா, ஓரத்தில் காமாவோடு ஈட்டா. மின்னடர்த்தி ஏறும் இடத்தில் நிக்கல் சதவீதம் குறைகிறது. முதலில் துத்தநாகத்தைப் பாருங்கள். கரைப்புத் தொட்டியில் (பாத்துக்குத் துத்தநாகம் தரும் தனித் தொட்டி) துத்தநாகம் கரைந்துகொண்டே இருக்கும். உற்பத்தி குறைந்த நாட்களில் 10 என்று நினைப்பது 13 ஆகியிருக்கும். துத்தநாகக் கூடையை வெளியே எடுத்துவிட்டு 8–9-க்கு இறங்கவிடுங்கள். நிக்கல் செறிவூட்டியைச் சேர்ப்பது அதற்கு அப்புறம், அதுவும் சிறிது சிறிதாக. சிக்கலாக்கும் அமீன் குறைந்திருந்தால் நிக்கல் ஊற்றியும் பயனில்லை, ஹைட்ராக்சைடாக அடியில் இறங்கும். அமீன் திறந்த நிக்கல் ஆனோடுகளில் சிதைந்து சயனைடாகவும் மாறும், கழிவுநீரில் அதையும் சோதியுங்கள்.

267 மில்லி ஹல் செல்லில் (ஒரே தகட்டில் பல மின்னடர்த்திகளைச் சோதிக்கும் சாய்வான சின்னத் தொட்டி) 2 ஆம்பியர், 15 நிமிடம் பூசி, தகட்டின் இரண்டு கோடியிலும் நடுவிலும் எக்ஸ்ஆர்எஃப் எடுங்கள். மூன்று இடமும் 12–15-க்குள் வரும்வரை தொட்டியில் வேலை ஏற்ற வேண்டாம்.

#17 படிகவலை

அறிக்கையில் "காமா, ஒற்றைக் கட்டம்" என்ற வரியை எடுத்துவிட்டு, எந்த இடத்தில் வெட்டிய துண்டு, எந்த மெலிந்த பீக்குகள் தெரிந்தன, 36.3-லும் 39.0-லும் பின்னணி எவ்வளவு, பேக்கிங்குக்கு முன்னா பின்னா என்று எழுதச் சொல்லுங்கள். ஓரத்துண்டின் ஸ்கேனையும் சேர்த்தே அனுப்புங்கள், பாத்தைத் திருத்திய பிறகு எடுத்த அதே ஓரத்துண்டோடு.